அண்ணனும் கிரிகோரியும் ஒரு டிரேடிங் அக்கவுண்ட்டும்

மாத்தூர் எம்.எம்.டி.ஏ.வில் எங்கள் தெருமுனை டீக்கடையில் இரண்டு விஷயங்களைப் பேச ஆரம்பித்தால் டீ ஆறிவிடும். ஒன்று, ராத்திரி மணலிப் பக்கமிருந்து வரும் வாசனை. இன்னொன்று, ஜான் கிரிகோரி.

வாசனையைப் பற்றிப் பேசி யாருக்கும் லாபமில்லை. கிரிகோரிக்கு வருவோம்.

இங்கிலாந்துக்காரர். 2000-ல் ஆஸ்டன் வில்லாவை எஃப்.ஏ. கோப்பை ஃபைனல்வரை கொண்டுபோய், செல்சியிடம் ஒரே கோலில் கோட்டை விட்டவர். 2017 ஜூலையில் நம்ம சென்னையின் எஃப்.சி.க்கு கோச்சாக வந்தார். வந்து பெட்டியைப் பிரித்திருப்பாரோ இல்லையோ, அதே மாதம் 23-ம் தேதி மும்பையில் டிராஃப்ட்.

டிராஃப்ட் என்றால் ஏலம் இல்லை. சின்ன வயசில் தெருவில் ஆள் பிரிப்போமே, 'எனக்கு அவன், உனக்கு இவன்' என்று, அதேதான். பத்து டீம், முறை வைத்து ஆள் எடுக்க வேண்டும். சம்பளம் முன்கூட்டியே எழுதியிருக்கும். ஒரே வித்தியாசம், தெருவில் கடைசியாக மிஞ்சுகிறவனை கோலியாக நிறுத்துவோம். இங்கே அப்படிச் செய்ய முடியாது.

அன்றைக்கு சென்னை எடுத்த பெயர்களில் ஒன்று தன்பால் கணேஷ். வியாசர்பாடிப் பையன். மிட்ஃபீல்டு.

டீக்கடையில் நான் சிரித்தேன். "சென்னைன்னு பேர் வச்சுக்கிட்டு லோக்கல் பையன் ஒருத்தனாவது இல்லேன்னா டிக்கெட் விக்காது. அதுக்கு எடுத்த ஆள். பெஞ்சு தேய்க்கத்தான் போறாரு, பாருங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் திரும்பிப் பார்த்தார். எங்கள் தெருவில் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் வெல்டர். பிறந்து வளர்ந்தது வியாசர்பாடி.

"தம்பி, நீ பந்து ஆடியிருக்கியா?"

"இல்லேண்ணே. பி.காம்."

"அப்ப கம்முனு டீயைக் குடி."

அவர் கட்சி இதுதான். 'வெள்ளைக்காரருக்கு வந்து மூணு வாரம்கூட ஆகலை, இங்கே யாரைத் தெரியும்? பக்கத்துல சபீர் பாஷா அசிஸ்டென்ட் கோச்சா இருக்காரு. சென்னை ஆளு, இந்தியன் பேங்க் டீம்ல ஆடினவரு. தெரிஞ்சவன் சொல்றதைக் கேக்குறதும் ஒரு திறமைதாம்பா.' என் கட்சி வேறு. அதே டிராஃப்டில் நந்தகுமார் சேகரை டெல்லி டைனமோஸ் தூக்கிக்கொண்டு போனது. அவரும் நம்ம ஊர் பையன்தான். விங்கில் பறக்கிறவர். 'அவரை விட்டுட்டு இவரா?' இரண்டு டீ, நாலு பஜ்ஜி பந்தயம்.

பந்தயத்தில் நான் தோற்ற தேதி 2018 மார்ச் 13. கோவாவுடன் செமி ஃபைனல், இரண்டாவது ஆட்டம், நேரு ஸ்டேடியம். மூலக்கடை, வியாசர்பாடி வழியாக என் பைக்கில் அண்ணனைப் பின்னால் வைத்து ஓட்டிக்கொண்டு போனேன். 29-வது நிமிஷம் கணேஷ் தலையால் ஒரு முட்டு. கோல்! அண்ணன் கத்தவே இல்லை. என் தோளைப் பிடித்து அழுத்தினார். வெல்டர் கை சார். மூன்று நாள் வலித்தது.

மூன்றுக்குப் பூஜ்யம். நாலு நாள் கழித்து பெங்களூரில் ஃபைனல். சுனில் சேத்ரி முதல் கோல் போட, மைல்சன் ஆல்வெஸ் இரண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒன்று என்று நாம் திருப்பிக் கொடுத்து 3-2. கோப்பை நமக்கு. பஜ்ஜி என் செலவு.

கதை இதோடு முடிந்திருந்தால் கிரிகோரிக்கு மாத்தூரில் சிலையே வைத்திருப்போம். மறு சீசன் வந்து தொலைத்தது. 18 மேட்ச், 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி, மொத்தம் 9 பாயின்ட். பத்து டீமில் பத்தாவது. முந்தின சீசனில் 9 கோல் போட்ட ஜெஜே ஒரே ஒரு கோலோடு நின்றுவிட்டார். கூத்தைக் கேளுங்கள், அந்த இரண்டு வெற்றிகளில் ஒன்று பெங்களூருக்கு எதிராக. அந்த வருஷம் சாம்பியன் ஆனதே அந்த பெங்களூர்தான்! இன்னொரு பக்கம், கோயம்புத்தூரை சொந்த மைதானமாக வைத்து ஆடிய சென்னை சிட்டி அதே சீசனில் ஐ-லீக் சாம்பியன். ஒரே மாநிலத்தில் ஒரு சென்னை தலையில், ஒரு சென்னை வாலில்.

எனக்குக் கொண்டாட்டம். பி.காம். மூளை விழித்துக்கொண்டது. சிகரெட் அட்டையின் பின்பக்கம் ஒரு டிரேடிங் அக்கவுண்ட் போட்டேன்.

"பாருங்கண்ணே. முதல் வருஷம் லாபம், சரி. ஆனா ஓப்பனிங் ஸ்டாக் யாரோடது? ஜெஜே, ஜெர்ரி, அனிருத் தாபா எல்லாம் மெட்டராஸி காலத்துச் சரக்கு. 2015-ல பாதி சீசன் வரைக்கும் அடியில கிடந்து, வெள்ளத்துல சொந்த ஊர் செமி ஃபைனலைக்கூட புனேல ஆடி, கப் ஜெயிச்சாரே, அந்த மெட்டராஸி. அவரு வச்சுட்டுப் போன சரக்கை வித்து இவரு பேர் வாங்கிட்டாரு. ரெண்டாவது வருஷம் சொந்தக் கொள்முதல். நஷ்டம். கணக்கு சரியா?"

அண்ணன் அட்டையை வாங்கிப் பார்த்தார். நிதானமாகக் கேட்டார்.

"கணேஷ் முட்டியை எங்க எழுதியிருக்க?"

அந்த சீசன் தொடங்கும் முன்பே கணேஷுக்கு முட்டியில் அடி. வருஷம் முழுக்க வெளியே. நான் 'அதெல்லாம் கோச் கணக்கில் வராது, சாக்கு' என்று சொல்லிவிட்டேன். அண்ணன் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனார். பத்து நாள் கடைப்பக்கமே வரவில்லை.

டீ மாஸ்டர்தான் சொன்னார். அண்ணனுக்கு இருபத்திரண்டு வயசில் ஒரு பெரிய ஆபீஸ் டீம் செலக்ஷனுக்குக் கூப்பிட்டிருந்ததாம். ஆடினால் வேலை நிச்சயம். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வியாசர்பாடியில் ஒரு மேட்சில் முட்டி போச்சு. கட்டுப் போட்டுக்கொண்டு போய் நின்றிருக்கிறார். 'அடுத்த வருஷம் பாக்கலாம்' என்றார்களாம். அடுத்த வருஷம் அவர் கையில் வெல்டிங் ராடு.

ஸ்டேடியம் படிக்கட்டில் அண்ணன் ஏன் ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் வைத்து ஏறுகிறார் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை. வயசு என்று நினைத்திருந்தேன்.

பதினோராம் நாள் நானே அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்பெல்லாம் கேட்கத் தெரியாது. "அண்ணே, வாங்க, கிரிகோரியைத் திட்டலாம்" என்றேன். "நீ திட்டு, நான் கேக்குறேன்" என்று சட்டையை மாட்டினார்.

திட்டுவதற்கு வாய்ப்பும் வந்தது. 2019-20 சீசனில் முதல் நாலு மேட்சில் ஒரு கோல்கூட இல்லை. ஆறு மேட்சில் அஞ்சு பாயின்ட். நவம்பர் கடைசியில் கிரிகோரி விடைபெற்றார். ஓவன் காயில் வந்தார். அவ்வளவுதான், அதே பசங்க பேய் மாதிரி ஆடி 2020 மார்ச்சில் ஃபைனல் போய்விட்டார்கள். கொரோனா பயத்தில் ஆளே இல்லாத கோவா ஸ்டேடியத்தில் ஏ.டி.கே.யிடம் 3-1 தோல்வி. அது வேறு சோகம்.

"இப்ப என்ன சொல்றீங்க? கோச் மாறினதும் டீம் மாறிடுச்சு இல்ல?" என்றேன்.

அண்ணன் சிகரெட் அட்டை கேட்டார். என்னிடமே பேனா வாங்கினார். தமிழில், கோணலாக, எழுதினார்: வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, சாங்டே, எட்வின்.

"இவங்களை அந்த சீசனுக்குக் கொண்டாந்தப்ப கோச் யாரு?"

கிரிகோரி. வால்ஸ்கிஸ் அந்த சீசனில் 15 கோல், கோல்டன் பூட்.

"பி.காம். படிச்சவனே, ஓப்பனிங் ஸ்டாக்குன்னு ஒண்ணு இருந்தா க்ளோஸிங் ஸ்டாக்குன்னு ஒண்ணு இருக்காதா?"

இருக்கும் சார். டிரேடிங் அக்கவுண்ட்டின் வலது பக்கம், கடைசி வரி. அதை எழுதாமல் விட்டால் நஷ்டம் பெரிதாகத்தான் தெரியும். முதல் வருஷப் பையனுக்கும் தெரிந்த விஷயம். கல்லூரியில் இந்த ஒரே தப்புக்கு எனக்கு எட்டு மார்க் போயிருக்கிறது.

இத்தனை வருஷம் கழித்தும் சண்டை ஓயவில்லை. 2017-க்கு அப்புறம் அந்த டிராஃப்ட் முறையே போய்விட்டது. என்னிடம் இன்னும் நந்தகுமார் என்ற துருப்புச்சீட்டு இருக்கிறது. 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்கால் ஜெயித்ததே அவர் போட்ட கோலில்தான். அந்த ராத்திரியே அண்ணனுக்கு போன் போட்டேன்.

"பாத்தேன்பா. நல்ல கோலு" என்றார். கொஞ்சம் விட்டு, "அவனை விட்டது தப்புதான். ஆனா கணேஷை எடுத்தது தப்பில்ல."

"சரிண்ணே."

"அந்த முட்டி?"

"என்ன முட்டி?"

"எந்தப் பக்கம் எழுதணும்னு யோசிச்சியா?"

புத்தகத்தில் அதற்குத் தலைப்பு இல்லை என்றேன். 'நாளைக்குக் கடைக்கு வா, பேசிக்கலாம்' என்று வைத்துவிட்டார்.