ஒட்டிய பலகையும் வெட்டிய கையும்

ஒரு பொருளைச் செய்கிறவன், அது என்றேனும் பழுதுபடும் என்பதையும் எண்ணியே செய்தல் வேண்டும். அங்ஙனம் எண்ணாது செய்யப்பட்டது நமது தோட்டத்துப் பைபர் படகு. பேராக் ஆறு கடலை நெருங்கி உப்பேறும் பகுதியில், அக்கரைப் பிரிவுக்கு ஆட்களையும், அவசரத்தில் நோயாளிகளையும் ஏற்றிச் செல்வது அந்த 23 அடிப் படகுதான். அதன் பெட்ரோல் தொட்டி தளத்துக்கு அடியில் இருந்தது. தொட்டிக்கு மேலுள்ள மூடுபலகையைத் திருகாணியால் முடுக்கியதோடு நில்லாமல், நான்கு புறமும் பசையிட்டு ஒட்டி, மேலே சாயமும் பூசிவிட்டிருந்தார்கள். காண்பதற்கு அழகு, திறப்பதற்கு வழியில்லை.

ஒரு நாள் படகில் பெட்ரோல் நாற்றம் எழுந்தது; அது நாளுக்கு நாள் வளர்ந்தது. பெட்ரோலின் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. அடுப்புப் புகைபோல் அது மேலே போகாது. படகின் அடிவயிற்றில் தண்ணீர்போல் தங்கி நிற்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்துவிட்டால், ஒரு சிறு பொறி போதும். அப்படகில் நாள்தோறும் பன்னிரண்டு பேர் அமர்ந்து சென்றார்கள் என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்க.

படகு நிறுத்தப்பட்டது. வெளியிலிருந்து வந்த ஒப்பந்தக்காரர் ஒருவர், மின்சார வாளால் தளத்தை அறுத்து அரை நாளில் முடிப்பதாகச் சொன்னார். நிர்வாகத்துக்கு அரை நாள் என்ற சொல் இனித்தது. நாம் மறுத்தோம். வாளின் மோட்டாரே பொறி கக்கும். தொட்டியைக் காலி செய்தாலும் ஆவி எஞ்சி நிற்கும். நிறைந்த தொட்டியினும் காலித் தொட்டியே பொல்லாதது. இதற்கிடையில், வேலை தொடங்குமுன் படகின் முன்னே கற்பூரம் கொளுத்தவேண்டும் என்று ஒரு பெரியவர் வற்புறுத்தினார். பெட்ரோல் ஆவி நிற்கும் குழியின் வாயில் கற்பூரம்! கொளுத்தியிருந்தால் படகு மட்டுமன்றி பக்தரும் மேலுலகம் சென்றிருப்பார்.

நிற்க. இப்பசையைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். பாலியூரித்தேன் என்னும் இவ்வினத்தை 1937-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஆட்டோ பேயரும் அவரோடு உழைத்தவர்களும் கண்டனர். பசையாக வருவது காற்றின் ஈரத்தை உண்டு ரப்பர்போல் இறுகும். இறுகியபின் அசெட்டோன் ஊற்றினாலும் கரையாது. சூடு காட்டினால் இளகும். பெட்ரோலுக்கு மேலே சூடு காட்டுவார் உண்டோ? ஆகவே கையால் அறுத்துத்தான் எடுக்கவேண்டும். கத்தி சற்றே வழுவினாலும் தளத்தின் கண்ணாடி நார் கிழிந்து, தண்ணீர் உட்புக வழியாகும்.

பட்டறையில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, நாற்றங்காலில் வேலை செய்யும் அம்மையார் ஒருவர் வந்து பார்த்தார். தோட்டம் செம்பனைக்கு மாறுமுன் முப்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர்.

"கிராணி ஐயா, இது பட்டை மாதிரிதானே? மரத்தில காயம் படாம வெட்டணும். என் கத்தியக் கொண்டாரட்டுங்களா?" என்றார்.

"கொண்டு வாருங்கள் அம்மா" என்றோம்.

ரப்பர் மரத்தில் பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே மெல்லிய உயிர்ப்படலம் ஒன்று உண்டு. அதைத் தொடாமல், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டவேண்டும். தொட்டால் புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளர்ந்து, மறுமுறை வெட்டுக்கு ஆகாது. விடியுமுன் தலைவிளக்கின் ஒளியில் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மரங்களில் அவ்வளவைக் காத்த கை அது.

பாட்டரியைக் கழற்றினோம். பெட்ரோலைக் கைப்பம்பால் பீப்பாய்களுக்கு மாற்றினோம். திறக்கக்கூடிய மூடிகளையெல்லாம் திறந்து இரண்டு நாள் காற்றாட விட்டோம். பிறகு திருகாணிகளை நீக்க, அம்மையார் அமர்ந்தார். இடுக்கில் கத்தி சென்றது. பசை நாடாவாகச் சுருண்டு வந்தது, பட்டைச் சீவல் வருவதுபோலவே. பக்கங்களில் ஒரு கீறலும் இல்லை. பலகையின் விளிம்புக்கு அடியிலிருந்த பசைக்குக் கத்தி எட்டாது. அங்கே மெல்லிய கம்பியின் இரு முனையிலும் மரப்பிடி கட்டி, தோழர் இருவர் மாறி மாறி இழுத்தனர். அறுத்த இடம் மீண்டும் ஒட்டாதிருக்க மர ஆப்புகளைச் செருகிச் சென்றோம். மூன்றாம் நாள் பிற்பகல் பலகை எழுந்தது.

உள்ளே அலுமினியத் தொட்டியைச் சுற்றிலும் நுரைப்பஞ்சு. அது நீர் குடித்து ஊறிக் கிடந்தது. அலுமினியத்தைக் காப்பது அதன்மேல் தானே படியும் ஒரு மெல்லிய தோல். அது புதுப்பித்துக்கொள்ளக் காற்று வேண்டும். நனைந்த பஞ்சு காற்றை மறித்து உப்பைப் பிடித்து வைத்தது. தொட்டியின் அடியில் ஊசித் துளைகள் பல.

புதிய தொட்டி பாலிஎத்திலீனால் ஆனது. பெட்ரோல் பட்டால் அது சிறிது பருக்குமாதலால் சுற்றிலும் இடம் விட்டோம், நுரையைச் சேர்க்கவில்லை. சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு அழுத்தத்தில் காற்றேற்றி, இணைப்புகளில் சவர்க்கார நீர் தடவிக் குமிழி எழவில்லை என்று கண்ட பிறகே குழியில் இறக்கினோம். பலகைக்குத் திருகாணியும், இறுகாத பியூட்டைல் நாடாவும் மட்டுமே. இனி ஒரு திருப்புளி இருந்தால் யாரும் திறக்கலாம்.

மாத முடிவில் செக்ரோல் எழுத அமர்ந்தோம். அம்மையாரின் மூன்று நாளுக்கும் 'பொது வேலை' என்று போடச் சொல்லி மேலிருந்து குறிப்பு வந்தது. ஒப்பந்தக்காரர் அரை நாளுக்குக் கேட்ட தொகையோ அம்மையாரின் ஒரு மாதக் கூலியினும் அதிகம். கையால் உழைப்பவரைத் தாழ வைக்கும் வழக்கம் கோயில் வாசலில் மட்டும் இல்லை, செக்ரோலிலும் இருக்கிறது. நாம் 'படகு பழுதுபார்ப்பு, கைத்தொழில்' என்றே எழுதி, அதற்குரிய கூலி தரவேண்டும் என்று கடிதமும் இணைத்து அனுப்பினோம். விடை வரவில்லை, இரண்டாம் கடிதம் எழுதியிருக்கிறோம். அம்மையார் கத்தியைத் துடைத்து, பழைய துணியில் சுற்றி எடுத்துச் சென்றுவிட்டார். திங்கட்கிழமை முதல் படகு ஓடுகிறது.