முதலடி

விழா மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரையொன்று வேண்டியபோது, தமிழாசிரியனாகிய நான் பழைய இலக்கியம் ஒன்றின் நயம் பற்றி எழுதுவேன் என்றே எதிர்பார்த்திருப்பர். நானும் அவ்வாறே தொடங்கினேன். இரண்டு பக்கம் எழுதியபின் அதனை மடித்து வைத்துவிட்டேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இக்கல்லூரியின் பழைய விடுதி மாணவர் சிலருக்கு நான் கடன்பட்டிருக்கின்றேன். அதனைத் தீர்ப்பதற்கு இம்மலரினும் ஏற்ற இடம் எனக்குக் கிடையாது. தீர்க்கும் வழியிலே, அமெரிக்கரும் பிலிப்பைன்ஸ் நாட்டவரும் விரும்பியாடும் பந்தாட்டம் ஒன்றைப் பற்றியும் சிறிது பேச வேண்டியிருக்கின்றது. அன்பர்கள் பொறுத்தருள்க.

தீவகத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த எங்களை, என் தமையனாரையும் என்னையும், ஐயா இக்கல்லூரி விடுதியிலே சேர்த்துவிட்டார். யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலம் அது. ஜாம் போத்தலில் சிறிதளவு மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்ட விளக்கே படிப்பதற்கும் உண்பதற்கும் ஒளி தந்தது. படிப்பு நேரம் முடிந்தபின் அதே விளக்குகளுள் நான்கைந்தைச் சேர்த்துவைத்துக் கரம் விளையாடுவோம். பலகைக்குப் பூசும் மா கிடைப்பதரிது. வகுப்பறையில் எஞ்சிய வெண்கட்டித் துண்டுகளை இடித்துத் துணியில் வடித்துப் பூசினோம். காய்களுட் சில உடைந்திருந்தன. ஆயினும் அடிக்கும் காய் மட்டும் கொம்பினாற் செய்யப்பட்டது; யாரோ ஒரு பழைய மாணவர் அன்பளிப்பாகத் தந்தது என்பர். விடுதியின் பெருஞ் செல்வம் அதுவே.

எங்கள் விடுதியில் ஒரு வழக்கம் இருந்தது. வென்றவனே அடுத்த ஆட்டத்தில் முதலடி அடிப்பான். அண்ணையோ பெரும்பாலும் வெல்பவர். ஆதலால் முதலடியும் பெரும்பாலும் அவருடையதே. அவர் கை மெல்லெனப் பின்வாங்கி நிற்கும். மறுகணம் நடுவிலே குவிந்திருந்த பத்தொன்பது காய்களும் நாற்புறமும் சிதறும். அவற்றுள் வெள்ளை ஒன்றோ இரண்டோ மூலைக் குழியில் விழுந்திருக்கும். எதிரே இருக்கும் நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பேன். ஆட்டம் முடியும்வரை பார்த்திருந்த நாள்களும் உண்டு.

1994ஆம் ஆண்டு விடுதிப் போட்டியின் இறுதியாட்டத்தில் அவரும் நானும் எதிரெதிராக அமர்ந்தோம். தோற்றேன். தோற்றதோடு நில்லாமல், கூடியிருந்தோர் யாவரும் கேட்க, “முதல் அடிக்கிறவன் வெல்லுறதுக்குப் பெயர் விளையாட்டோ?” என்று கத்தினேன். அண்ணை ஒன்றும் பேசாமற் காய்களைத் திரும்ப அடுக்கி, அடிக்கும் காயை என்முன் வைத்தார். “இந்தா, நீ முதல் அடி,” என்றார். அவ்வாறு அடித்து, அப்போதும் தோற்றால் என் செய்வது என்ற அச்சம் என்னைப் பற்றிக்கொண்டது. ஆடாமல் எழுந்து போய்விட்டேன்.

அன்றிரவு யாவரும் உறங்கியபின், அந்தக் கொம்புக் காயை எடுத்துச் சென்று விடுதிக் கிணற்றிலே போட்டவன் நான்.

மறுநாள் விசாரணை நடந்தது. காயை இறுதியாகக் கையில் வைத்திருந்தவர் அண்ணை என்று பலரும் கூறினர். அவர் என்னை ஒருமுறை பார்த்தார்; பின்பு, தாமே தொலைத்துவிட்டதாகச் சொன்னார். அத்தவணை முழுவதும் பலகையைத் தொடலாகாது என்பது அவருக்குக் கிடைத்த தண்டனை. மாணவர் சிலர், வெற்றிச் செருக்கினால் அவர் அதனைத் தமதாக்கிக்கொண்டார் என்றும் பேசினர். அப்பேச்சு இன்றும் முற்றாக ஓயவில்லை. சென்ற ஆண்டு பழைய மாணவர் ஒன்றுகூடலில் நண்பரொருவர் நகைச்சுவையாக, “உன்ர அண்ணை அந்தக் காயைக் கனடாவுக்கே கொண்டுபோட்டார்போலை,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அச்சிரிப்பே இக்கட்டுரைக்குக் காரணம்.

அண்ணை 1996இல் நாட்டைவிட்டுச் சென்றார். நான் இங்கிருந்து, ஆசிரிய கலாசாலையிற் பயின்று, பயிற்றப்பட்ட ஆசிரியனானேன். ரொறன்ரோவில் வேலை முடிந்த மாலைகளில் அவர் கரத்தை விடுத்துப் பூல் என்னும் மேசைப் பந்தாட்டத்தைப் பழகினார். மேசையிற் கோல்கொண்டு ஆடும் ஆட்டங்கள் நம் நாட்டாருக்கும் புதியனவல்ல; 1973இல் பம்பாயில் நிகழ்ந்த உலக அமெச்சூர் பில்லியட்ஸ் போட்டியில் வாகை சூடியவர் இலங்கையராகிய லாபிர் அவர்கள். அது நிற்க. மூன்று ஆண்டுகளுக்கு முன் அண்ணையைப் பாரிசவாதம் தாக்கிற்று. வலக்கை வழங்காது போயிற்று. அதன்பின் அவருக்கு எஞ்சியது பார்த்தல் ஒன்றே. பெரும்போட்டிகளின் ஒளிப்பதிவுகளை எனக்கு அனுப்புவார். ஞாயிறு இரவுகளில் தொலைபேசித் திரையில் முகம் பார்த்துக்கொண்டே இருவரும் அவற்றைக் காண்போம்.

அவ்வாட்டத்திற்கு ஒன்பது பந்துகள்; அடிக்கும் வெண்பந்து வேறு. ஒன்பதடி நீளமும் நாலரையடி அகலமும் உள்ள மேசை, ஆறு குழிகள். ஒன்று, இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று என்னும் வரிசையில் பந்துகளை வைரவடிவாக அடுக்குவர். முதலாம் இலக்கப் பந்து முனையிலும் ஒன்பதாவது நடுவிலும் இருக்கும். மேசையிலுள்ளவற்றுள் மிகக் குறைந்த இலக்கத்தையே வெண்பந்து முதலிற் தொடவேண்டும். ஒன்பதாவதை முறைப்படி வீழ்த்தியவர் வென்றவர். அடுக்கை உடைக்கும் முதலடியில் ஏதேனும் ஒரு பந்து விழுந்தால் ஆட்டம் அவரிடமே தொடரும். விழாவிட்டால் எதிரி எழுந்து வருவார்.

முதன்முறை பார்த்தபோதே என் பழைய புண் நொந்தது. “அண்ணை, இதுவும் அதே கதைதான். உடைக்கிறவன் வெல்லுறான்,” என்றேன். அவர் சிரித்தார். வாய் சற்றே கோணியிருந்தது. “தம்பி, சும்மா பாக்காதை. கொப்பி ஒண்டு எடுத்துக் கணக்கு வைச்சுப் பார்,” என்றார்.

கோடிட்ட கொப்பியொன்றை எடுத்தேன். மூன்று நிரல்கள் வரைந்தேன். முதலடியில் வெண்பந்து குழியில் வீழாமல் வேறு பந்து வீழ்ந்ததா என்பது ஒன்று. உடைத்தவர் அவ்வாட்டத்தை வென்றாரா என்பது இரண்டு. எதிரியை எழவே விடாமல் ஒரே மூச்சில் முடித்தாரா என்பது மூன்று. இம்மூன்றும் வெவ்வேறு என்பதே எனக்கு அதுவரை தோன்றியதில்லை. முதலாவது நிகழ்ந்தும் இரண்டாவது நிகழாமற் போவது மிகுதி. பந்து விழும், ஆயின் அடுத்துத் தொடவேண்டிய பந்து மற்றொன்றின் பின்னே மறைந்திருக்கும். உடைத்தபின் வரும் அடியில் மட்டும், வெண்பந்தை வேண்டிய இடத்துக்குத் தள்ளிவிட்டு, “இனி நீர் ஆடுகின்றீரா, நானே ஆடவா?” என்று எதிரியிடமே தெரிவை விடவும் விதி இடங்கொடுக்கின்றது. இத்துணை நாகரிகமான விதி கரத்திலே இல்லை.

முதலடியைப் பற்றி ஆட்டக்காரர் செய்துள்ள ஆராய்ச்சியோ பெரிது. பந்துகள் நெருங்கித் தொட்டிருக்குமாயின், நடுவரிசையின் ஓரத்துப் பந்து மூலைக் குழியை நோக்கி ஏறக்குறைய வழிதவறாது செல்லும். இதனைக் கண்டுகொண்ட கோரி டூயல் என்பவர் முழுவன்மையோடு மோதாமல் மென்மையாக உடைத்தே பந்தை வீழ்த்தும் வழியிற் பேர்பெற்றார். 2001ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பின் போட்டியின் இறுதியில் மீக்கா இம்மொனனை 11-0 என வென்றவர் அவர். இத்தகைய திறத்தைக் கட்டுப்படுத்தப் போட்டி நடத்துவோர் விதிகளை மாற்றினர்: அடுக்கை முன்னே தள்ளி, ஒன்பதாவது பந்தை அடையாளப் புள்ளியில் வைக்கச் செய்தனர், உடைப்பதற்கு நடுவிலே ஒரு கட்டத்தைக் குறித்தனர், மெல்லிய அடிக்குத் தடையாக, பந்துகள் சில மேசையின் மேற்பாதிக்கு வரவேண்டும் என்றனர்.

மறுபுறத்தில், 1996இல் டல்லஸ் நகரில் ஏர்ல் ஸ்ட்ரிக்லண்ட் பத்து ஆட்டங்களை எதிரிக்கு இடங்கொடாமல் தொடர்ந்து முடித்தார். அதற்கு அறிவிக்கப்பட்டிருந்த பரிசு பத்து இலட்சம் டாலர். பரிசுப் பணம் பற்றிக் காப்புறுதிக்காரரோடு வழக்காடவும் நேர்ந்ததாம். எங்கள் கணித ஆசிரியரிடம் இதனைச் சொன்னேன். அவர் வெண்கட்டி எடுத்தார். நான்கு ஆட்டத்தில் ஒன்றை அவ்வாறு முடிக்கவல்லவர் பத்தினை அடுத்தடுத்து முடிப்பதற்குரிய வாய்ப்பு 1,048,576இல் ஒன்று. இரண்டில் ஒன்றை முடிக்கவல்லவராயின் 1,024இல் ஒன்று. காப்புறுதிக்காரர் முன்னைய கணக்கைப் போட்டிருப்பார் போலும் என்று சொல்லிச் சிரித்தார்.

சில மாதங்களின்பின் என் கொப்பி நிரம்பிற்று. உடைத்தவர் வென்றவை பாதிக்குச் சற்று மேல், அவ்வளவே. நான் எண்ணியிருந்ததோ பத்துக்கு எட்டு. அந்தச் ‘சற்று மேல்’ என்பதையாவது பற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து, கொப்பியைக் கணித ஆசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் ஒரே ஒரு வினா வினவினார்: “வென்றவரே அடுத்ததை உடைக்கிறாரோ, மாறி மாறி உடைக்கிறார்களோ?” இரண்டு வகைப் போட்டிகளும் உண்டு, நான் அவற்றைப் பிரித்தெழுதவில்லை.

அவர் கரும்பலகையில் எழுதியதை இங்கே தருகின்றேன். முதலடியாற் பயன் சிறிதும் இல்லை என்று கொள்க. ஒருவர் மற்றவரிலும் வல்லவர். மூன்றில் இரண்டு ஆட்டம் அவர் வெல்வார். வென்றவரே அடுத்ததை உடைக்கும் வழக்கில், ஒன்பது ஆட்டத்தில் அவர் ஆறினை உடைப்பார். அவற்றுள் நான்கை வெல்வார். மற்றவர் மூன்றினை உடைத்து ஒன்றை வெல்வார். ஆகவே உடைத்தவர் வென்றவை ஒன்பதில் ஐந்து. பயனற்ற முதலடியே பாதியை விஞ்சிய பயனுடையதுபோலத் தோன்றும். மாறி மாறி உடைத்தால் அத்தோற்றம் மறைந்து சரிபாதியாகும்.

பலகையைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றேன். எங்கள் விடுதியின் வழக்கும் வென்றவன் உடைப்பதே. முதலடி அடித்ததனால் அண்ணை வெல்லவில்லை. வென்றதனாலேயே முதலடி அவர்பால் வந்தது. பதினைந்து வயதில் நான் காரணத்தைக் காரியமாகவும் காரியத்தைக் காரணமாகவும் மாற்றிப் பிடித்துக்கொண்டு, அந்தப் பிழையின் பெயரால் ஒரு பொருளைக் கிணற்றிலே போட்டேன். காரண காரிய வினையெச்சங்களை இருபது ஆண்டுகளாக மாணவருக்குப் பிரித்துக் காட்டி வருபவன் நான்!

முதலடிக்குப் பயனே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தேர்ந்தவர் ஆட்டத்தில் அதற்குப் பயன் உண்டு. ஆயினும் 1999இல் கார்டிவ் நகரில் உலகப் பட்டம் வென்ற எஃப்ரென் ரேயஸ் முதலடியின் வன்மையாற் பேர்பெற்றவரல்லர். மறைந்த பந்தை மேசை விளிம்பில் மோதித் திரும்பி வந்து தொடுவதே அவர் பெருமை. அண்ணைக்கு மிக உவப்பானவரும் அவரே.

அடுத்த ஞாயிறு இரவு கணக்கை அண்ணைக்குச் சொன்னேன். பின்பு கிணற்றையும் சொன்னேன். திரையில் அவர் முகம் அசையவில்லை. இணைப்பு நின்றுவிட்டதோ என்று ஐயுற்றேன்.

“எனக்கு அண்டைக்கே தெரியும்,” என்றார்.

“பிறகேன் அண்ணை பழியை ஏற்றீங்கள்?”

“உன்னைப் பிடிச்சால் விடுதியை விட்டே அனுப்பியிருப்பாங்கள். நாங்கள் போக வேறை இடமிருந்ததோ?” சற்றுப் பொறுத்து, “அது சரி, பிறகு கிணத்தை இறைச்சவையோ?” என்று கேட்டார்.

எனக்குத் தெரிந்தவரை முற்றாக இறைக்கவில்லை. விழாவை முன்னிட்டு விடுதிக் கிணற்றைத் துப்புரவு செய்யவிருப்பதாக அறிகின்றேன். சேற்றினுள்ளே சில்லுப்போன்ற வெண்ணிறப் பொருளொன்று அகப்படுமாயின், அதனை விடுதி மாணவர் தலைவரிடம் ஒப்படைக்குமாறு வேண்டுகின்றேன். அது விடுதிக்கு உரியது. போட்டவன் நான்.