உள்ளங்கை இன்ஜின் காட்டிக்கொடுத்த பழுது

குலசேகரன்பட்டினத்துக்கு மேற்கே, பனையும் மணலுமான பகுதியில் அவருக்கு ஓர் ஏக்கர் வாழை. முப்பது வருடம் லேத் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். கிணற்றில் 5 குதிரைத்திறன் டீசல் பம்ப்செட். சென்ற ஆண்டு வாழை குலை தள்ளும் நேரத்தில் அது மக்கர் செய்தது. காலையில் கிளப்புவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். அந்தச் சமயத்தில் தண்ணீர் தவறினால் காய் பெருக்காது. நாசிலை மாற்றினார், ஃபியூயல் பம்பைப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். பணம் போனது, பழுது போகவில்லை.

அதே நாட்களில் வீட்டுத் திண்ணையில், பழைய சின்ன லேத்தில் பேரனுக்காக ஒரு மாடல் டீசல் இன்ஜின் செய்துகொண்டிருந்தார். சிலிண்டரின் உள்விட்டம் 14 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரமும் 14 மில்லிமீட்டர். கொள்ளளவு சுமார் 2 சி.சி. மொத்த இன்ஜினும் உள்ளங்கையில் அடங்கும்.

"பிளக்கே இல்லியே தாத்தா, பெறகு எப்படித் தீப்பிடிக்கும்?" என்றான் பேரன்.

"சைக்கிளுக்குக் காத்தடிக்கும்போது பம்போட அடிப்பாகம் சுடுதுல்லா? அதான்லே இதுவும்."

காற்றை அழுத்தினால் சூடாகும். அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைக்கலாம் என்று 1892-இல் காப்புரிமை கேட்டவர் ஜெர்மனியின் ருடால்ஃப் டீசல். ஆக்ஸ்பர்க் நகரத் தொழிற்சாலையில் 1893-இல் தொடங்கிய சோதனை, 1897-இல்தான் ஒழுங்காக ஓடும் இன்ஜினாக முடிந்தது. 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் இன்ஜின் கடலை எண்ணெயிலேயே ஓடியது.

பம்ப்செட்டில் அழுத்திய காற்றுக்குள் நாசில் டீசலைப் பீய்ச்சும். மாடல் இன்ஜினுக்கு நாசில் கிடையாது. ஈதர், மண்ணெண்ணெய், ஆமணக்கெண்ணெய் மூன்றையும் ஏறக்குறைய சம அளவில் கலந்த எரிபொருள், காற்றோடு சேர்ந்தே உள்ளே போகும். ஈதர் குறைந்த சூட்டிலேயே பற்றும். ஆமணக்கெண்ணெய் தேய்மானத்தைத் தடுக்கும். ஈதர் ஆபத்தானது. அதன் ஆவி தரையோடு தவழ்ந்து தூரத்து நெருப்பையும் எட்டிப்பிடிக்கும், மயக்கமும் தரும். எனவே அவர் கலந்தது வெட்டவெளியில், அடுப்புக்கு எட்டாத இடத்தில்.

முதல் பிஸ்டன் ஒரு மயிரிழை தளர்வாக அமைந்துவிட்டது. எத்தனை முறை விசிறியைத் தட்டினாலும் பற்றவில்லை. இரண்டாவதும் அப்படியே. இவ்வளவு சின்ன பிஸ்டனுக்கு ரிங் கிடையாது. சிலிண்டரோடு அது பொருந்தும் பொருத்தம்தான் எல்லாம். மூன்றாவதை மெல்லிய கிரைண்டிங் பேஸ்ட் தடவி, நாலு நாள் பொறுமையாகத் தேய்த்தார். அடியில் இலகுவாகவும் உச்சியில் இறுக்கமாகவும் வந்தது. விசிறியைச் சுற்றியதும் அது ஸ்பிரிங் போல விரலைத் திருப்பித் தள்ளியது. பத்தாவது தட்டில் 'டர்ர்' என்று கிளம்பியது. பேரன் துள்ளிக் குதித்தான்.

அவருக்கோ தோட்டத்து நினைவு. 'நம்ம பம்ப்செட் இப்படித் திருப்பித் தள்ளுவதே இல்லையே!'

மறுநாள் டீசலை அடைத்துவிட்டு, ஃபிளைவீலைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்த்தார். எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. நாசிலைக் கழற்றி, அந்தத் துளை வழியே ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, நாசிலை மாட்டி மீண்டும் மெதுவாகச் சுற்றினார். இப்போது கை தடைபட்டது. ஆயில் விட்டதும் கம்ப்ரஷன் கூடினால் ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கின்றன; கூடாவிட்டால் வால்வைப் பார்க்க வேண்டும். அளவு மீறி ஆயில் ஊற்றினால் பிஸ்டன் முட்டி, கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

தேய்ந்ததற்குக் காரணம் ஏர் கிளீனரில் இருந்தது. அதன் கிண்ணத்தில் ஆயில் வற்றி, அடியில் மணல் படிந்திருந்தது. கோடைக்காற்றில் பறந்த மணலை இன்ஜின் மாதக்கணக்கில் விழுங்கியிருக்கிறது. நாசிலுக்குச் செலவழித்தது வீண்.

கோயம்புத்தூரில் ஓட்டல் சர்வராக வேலை பார்த்துச் சேர்த்த காசில் மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைப் பிரித்து மாட்டித் தொழில் கற்றவர் ஜி.டி.நாயுடு. அவரும் கை வைத்துத்தான் கற்றார்.

லைனர், பிஸ்டன், ரிங் மூன்றும் புதிதாகப் போட்டபின் பம்ப்செட் நாலு சுற்றில் கிளம்புகிறது. தாமதத்தில் அந்த ஆண்டு குலைகள் சிறுத்துத்தான் போயின. இப்போது ஞாயிறுதோறும் ஏர் கிளீனர் கிண்ணத்தைக் கழுவி ஆயில் மாற்றுவது பேரனின் வேலை.