தங்கமணியின் ஈறும் ஐந்து ஆராய்ச்சிகளும்

போன மாசம் தங்கமணிக்கு ஈறு ஆபரேஷன் பண்ணணும்னு இங்கே நாக்பூர் பல் டாக்டர் சொல்லிட்டார். கையில் ஒரு சார்ட் கொடுத்தார். ஒவ்வொரு பல்லுக்கும் ஆறு எண். 4, 5, 5, 4 என்று போகிறது. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெல்லிய குச்சியை விட்டு அளந்த பாக்கெட் ஆழமாம், மில்லிமீட்டரில். ஆபரேஷன் பண்ணினால் இந்த நம்பர் குறையுமாம். குறைகிற நம்பர் என்றாலே பேங்க்காரனுக்கு வாராக்கடன் ஞாபகம், சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

லீவுக்கு வந்திருந்த மகள் (புள்ளியியல் எம்.எஸ்ஸி.) சார்ட்டைப் பார்த்ததும், "அப்பா, இது எங்க கிளாஸ்ல போட்ட கணக்கு!" என்றாள்.

1998-ல் பெர்க்கி என்பவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட கட்டுரையாம். நடுத்தர அளவு ஈறு நோய்க்கு ஆபரேஷன் நல்லதா, ஆபரேஷன் இல்லாத வைத்தியம் நல்லதா என்று பார்த்த ஐந்து ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் போட்ட கணக்கு. ஒரு வருஷம் கழித்து ரெண்டு அளவு எடுத்திருக்கிறார்கள். ஒன்று பாக்கெட் ஆழம். இன்னொன்று, பல்லை எலும்போடு பிடித்து வைத்திருக்கும் பிடிப்பு எங்கே இருக்கிறது என்பது. ஆபரேஷன் பண்ணினவர்களுக்குப் பாக்கெட் சராசரியாக சுமார் 0.35 மி.மீ. கூடுதலாகக் குறைந்திருக்கிறது. பிடிப்போ, கிட்டத்தட்ட அதே அளவு மோசம்! ஐந்து ஆராய்ச்சியிலும் இதே கதை.

எப்படி? பாக்கெட்டை ஈறின் விளிம்பிலிருந்து அளக்கிறார்கள். ஈறே கீழே இறங்கிவிட்டால் பாக்கெட் தானாகக் குறையும். பிடிப்பை அளப்பது பல்லில் இருக்கும் நிலையான இடத்திலிருந்து. அதை ஏமாற்ற முடியாது.

"ரெண்டையும் தனித்தனியா கூட்டி சராசரி எடுத்தா போதாதா?" என்றேன்.

"ஒரே வாய்ல எடுத்த ரெண்டு அளவுப்பா. ஒண்ணுக்கொண்ணு ஒட்டிதான் இருக்கும். ஒவ்வொரு ஆராய்ச்சிக்குள்ளயும் அந்த ஒட்டுறவு சுமார் 0.4."

இது நமக்குப் புரிகிற விஷயம். ஒரே முதலாளிக்கு ரெண்டு கம்பெனி, ரெண்டுக்கும் கடன் கொடுத்துவிட்டு, தனித்தனி பார்ட்டி, ரிஸ்க் பரவியிருக்கு என்று எழுதினால் ஆடிட்டர் விடுவாரா? பிரச்சினை என்னவென்றால், பெரும்பாலான கட்டுரைகளில் இந்த எண்ணை அச்சிடுவதே இல்லையாம். அப்போது 0.3, 0.5, 0.7 என்று மாற்றி மாற்றிப் போட்டு முடிவு ஆடுகிறதா என்று பார்ப்பார்களாம்.

ஆராய்ச்சிக்கு ஆராய்ச்சி இருக்கிற ஒட்டுறவு வேறு கணக்கு. பாக்கெட் 0.20 மட்டுமே குறைந்த இடத்தில் பிடிப்பு இழப்பு 0.60, ரொம்ப மோசம். 0.40 குறைந்த இடத்தில் இழப்பு 0.12தான். ஆனால் 0.56 குறைந்த இடத்தில் 0.39. ஐந்தே புள்ளிகளை வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது என்றாள்.

எனக்கு இடித்தது இதுதான். ரெண்டும் ஒட்டிப் போகிறதென்றால் ஒன்று நன்றாகும்போது இன்னொன்றும் நன்றாக வேண்டாமா? யோசித்துப் பார்த்தேன். கணக்கில் கெட்டியான பையன் பெரும்பாலும் சயின்ஸிலும் கெட்டிதான். அதற்காக சயின்ஸ் படிக்கிற நேரத்தைப் பிடுங்கி, கணக்கு டியூஷன் வைத்தால் ரெண்டு மார்க்கும் ஏறுமா? (என் அப்பா அப்படித்தான் பண்ணினார், நான் பி.காம். போய்ச் சேர்ந்தேன் :-))

6 மி.மீ.க்கு மேல் ஆழமான பாக்கெட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அங்கே ஆபரேஷன் பிடிப்புக்கும் உதவலாம். தங்கமணிக்கு அதிகபட்சம் 5.

அடுத்த விசிட்டில், "பாக்கெட் குறையும், சரி டாக்டர். பிடிப்பு என்ன ஆகும்?" என்று கேட்டேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு சார்ட்டைத் திரும்ப வாங்கிப் பார்த்து, முதலில் வேர் வரைக்கும் ஆழமாகச் சுத்தம் பண்ணுவோம், மூணு மாசம் கழித்து ரெண்டையும் அளப்போம் என்றார். தங்கமணி வெளியே வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "பீஸ் எவ்வளவு மிச்சம்?"

மார்ச்சில் மறுபடி அளக்கிறார்கள்.