ஆன்மாக்களின் கணக்கு

சென்ற தவணையில் ஒரு நாள், சரித்திர ஆசிரியர் சுகவீன விடுமுறையில் இருந்தமையால், பதினோராந் தரத்து வகுப்பொன்றைக் கவனிக்குமாறு நாம் பணிக்கப்பட்டோம். தமிழ் கற்பிக்கும் நமக்குச் சரித்திரம் முற்றும் அந்நியமானதன்று என்ற துணிவில், பாடநூலைத் திறந்து ருஷ்யப் புரட்சியின் பின்னணியை விளக்கத் தொடங்கினோம். ஸார் மன்னரின் எதேச்சாதிகாரம், நிலப்பிரபுக்களின் ஆடம்பரம், பண்ணையடிமைகளின் துயரம் என மூன்று தலைப்புக்களைக் கரும்பலகையில் எழுதினோம். பரீட்சைக்கு அவை போதும். ஆனால், கடைசி வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "ஏன் சேர், அவ்வளவு சனமும் பொறுத்துக்கொண்டு சும்மா இருந்தது?" என்று கேட்டாள்.

"எழுத்தறிவில்லாத சனம். அறியாமைதான் காரணம்" என்று நாம் தயங்காது விடையிறுத்தோம். அவள் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டாள். மணியும் அடித்தது.

அவள் எழுதிக்கொண்டதுதான் நம்மை உறுத்தியது. விடை சரியா, பிழையா என்று ஒரு கணமேனும் நாம் சிந்தித்தோமல்லோம். அன்று மாலை, மாஸ்கோவில் அச்சாகி வந்த தமிழ் நூல்களைத் தந்தையார் சேர்த்து வைத்திருந்த அலுமாரியின் முன் அமர்ந்தோம். இளமையில் கதைக்காக வாசித்த நூல்களை இம்முறை அக்கேள்விக்காக வாசித்தோம். பிற சரித்திர நூல்களையும் தேடினோம். பல வாரங்கள் சென்றன. நாம் கண்டவற்றை ஈண்டு எழுதுவது, முதலில் அம்மாணவிக்கும், பின்னர் நம்மைப்போல் விரைந்து விடையிறுக்கும் ஆசிரிய நண்பர்களுக்குமாகும்.

ருஷ்யக் குடியானவன் ஆதியிலிருந்தே மண்ணோடு கட்டப்பட்டவன் அல்லன். 1497ஆம் ஆண்டுச் சட்டக் கோவை, இலையுதிர்காலத்து யூரி திருநாளுக்கு முந்திய ஒரு வாரமும் பிந்திய ஒரு வாரமும், கடனைத் தீர்த்துவிட்டு வேறொரு நிலப்பிரபுவிடம் செல்லும் உரிமையை அவனுக்கு விட்டுவைத்திருந்தது. அறுவடை முடிந்த பின்னர் ஆண்டில் இரண்டே வாரங்கள்! பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் அந்த இரு வாரங்களும் பறிக்கப்பட்டன. ஏமாந்துபோனவனைப் பார்த்து, "இதோ பாட்டி, உனக்கு யூரி திருநாள்!" என்று ருஷ்யர் சொல்லும் பழமொழி அந்த இழப்பின் எச்சமேயாகும். ஓடிப்போனவனைத் தேடிப் பிடிப்பதற்கு முன்னர் ஒரு கால எல்லை இருந்தது. 1649ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வெல்லையையும் நீக்கியது. எத்தனை ஆண்டு கழிந்தாலும், ஓடிப்போனவனும் அவன் மனைவி மக்களும் பழைய எசமானின் சொத்தே என்றாயிற்று.

இங்கே நாம் சற்று நின்றோம். ஓடாதவர்களைப் பிடிப்பதற்கு எவரும் சட்டம் இயற்றுவதில்லை. கால எல்லையற்ற தேடுதலைச் சட்டமாக்க வேண்டி வந்ததாயின், எத்துணைப் பேர் ஓடியிருக்க வேண்டும்! தொன் நதிக் கரைக்கும் தென்கிழக்குப் புல்வெளிகளுக்கும் ஓடியவர்களின் சாட்சியம் அச்சட்டத்தின் கடுமையிலேயே பதிந்து கிடக்கிறது. "சும்மா இருந்தது" என்ற சொல்லின் முதற் பகுதி அங்கேயே உடைந்துபோயிற்று.

பின்னர் மகா பீட்டர் வந்தான். ஐரோப்பியக் கப்பல்களையும் படைகளையும் கண்டு வியந்த அம்மன்னன், தன் நாட்டை நவீனமாக்கினான் என்று பாடநூல்கள் புகழும். அந்த நவீனத்துவத்துக்கு விலை கொடுத்தவர் யாவர்? 1718இல் அவன் ஆணையிட்ட கணக்கெடுப்பு, குடியானவ ஆண்கள் அனைவரையும், சிசு முதல் கிழவன் ஈறாக, "ஆன்மா" என்று எண்ணியது. ஒவ்வோர் ஆன்மாவுக்கும் 1724 முதல் தலைவரி விதிக்கப்பட்டது. பிரபுக்களுக்கும் மதகுருமாருக்கும் வரியில்லை. வரியைத் திரட்டிக் கொடுக்கும் பொறுப்பு நிலப்பிரபுவிடம் விடப்பட்டது. ஆகவே, அவன் வெறும் நிலச் சொந்தக்காரனாக நில்லாது, வரி சேர்ப்போனாகவும், நீதிபதியாகவும், படைக்கு ஆளனுப்புவோனாகவும் ஆனான். பரந்த ருஷ்யாவைச் சிறியதோர் அரசாங்கம் ஆண்டதன் இரகசியம் இதுவே. ஒவ்வொரு பண்ணையிலும் ஒரு குட்டி ஸார் வீற்றிருந்தான்.

பெண்கள் அக்கணக்கில் ஆன்மாக்களாக எண்ணப்படவில்லை. ஆனால், உழைப்பிலும் விற்பனையிலும் அவர்களுக்கு விதிவிலக்கு இருந்ததில்லை.

பீட்டரின் காலத்தில் பிரபுவும் அரசுக்குக் கட்டாய சேவை செய்ய வேண்டியிருந்தது. குடியானவன் பிரபுவுக்கு உழைக்க, பிரபு மன்னனுக்கு உழைக்கிறான் என்று ஒரு நியாயம் கற்பிக்கப்பட்டது. 1762இல் மூன்றாம் பீட்டர் பிரபுக்களை அக்கட்டாயத்தினின்றும் விடுவித்தான். நியாயப்படி அடுத்த நாள் குடியானவனும் விடுதலை பெற்றிருக்க வேண்டும். பெற்றானில்லை. வோல்தேயருடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்த கத்தரீன் அரசியின் ஆட்சியில், எசமானுக்கு எதிராக அரசியிடம் முறையிடுவதே குற்றமென 1767இல் ஆணை பிறந்தது. அடங்காதவனைச் சைபீரியாவுக்கு அனுப்பும் உரிமையும் எசமானுக்கு இருந்தது. 1773இல் புகச்சேவ் என்ற கொசாக் வீரன், தானே இறந்துபோன மூன்றாம் பீட்டர் என்று கூறிக் கிளம்பினான். பண்ணையடிமைகளும் சுரங்கத் தொழிலாளரும் சிறுபான்மை இனத்தவரும் வொல்கா நதிப் பிரதேசமெங்கும் அவன் பின்னே திரண்டனர். 1775இல் மாஸ்கோவில் அவன் தலை வெட்டப்பட்டது. 1790இல் ராதீஷ்செவ் என்ற உத்தியோகத்தர், தலைநகரிலிருந்து மாஸ்கோவுக்குச் சென்ற பிரயாணத்தை வைத்துப் பண்ணையடிமைத்தனத்தைக் கண்டித்து ஒரு நூல் எழுதினார். அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டுப் பின் சைபீரிய வாசமாகக் குறைக்கப்பட்டது. வாளேந்தியவனும் பேனா ஏந்தியவனும் அரசியின் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றினர்.

இனிப் பொருளாதாரத்தைப் பார்ப்போம். குடியானவன் எசமானுக்குச் செலுத்தியது இரு வகைப்படும். ஒன்று, எசமானின் வயலில் கூலியின்றி உழைப்பது. மற்றது, பணமாகவோ பொருளாகவோ ஆண்டுத் திறை செலுத்துவது. வாரத்தில் மூன்று நாட்களே உழைப்புப் பெறலாம் என்ற கருத்தை 1797இல் போல் மன்னன் வெளியிட்டான். கருமண் மாகாணங்களில் அது ஏட்டளவில் நின்றது. இவ்வளவு உழைப்பைப் பெற்றும் பிரபுக்கள் செழித்தார்களா? இல்லை! விலையில்லாத உழைப்பு இருக்கும்போது புதிய கலப்பையைப் பற்றி எவன் சிந்திப்பான்? மாளிகைக்கும் விருந்துக்கும் பிரான்சிய மதுவுக்கும் பணம் வேண்டி, அவர்கள் தம் ஆன்மாக்களை அரசாங்கக் கடன் நிலையங்களில் ஈடு வைத்தனர். 1859இல் பண்ணையடிமைகளுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் ஈட்டில் இருந்தனர். கோகோலின் 'இறந்த ஆன்மாக்கள்' (1842) நாவலில் சிச்சிக்கோவ், இறந்தும் கணக்கேட்டில் பெயர் நீங்காத அடிமைகளை விலைக்கு வாங்கி ஈடு வைக்கத் திட்டமிடுகிறான். இளமையில் அதை நகைச்சுவைக் கற்பனையென வாசித்துச் சிரித்தோம். அஃது ஒரு பொருளாதார முறையின் துல்லியமான வருணனை என்பது இப்போதே விளங்கிற்று.

இந்த மண்ணில் திறமை பிறக்கவில்லையா? உக்ரேனியக் கவிஞர் தராஸ் ஷெவ்சென்கோ 1814இல் பண்ணையடிமையாகப் பிறந்தார். ஓவியர் பிரியுல்லோவ் வரைந்த ஓர் உருவப்படத்தை அதிர்ஷ்டச் சீட்டில் விட்டுக் கிடைத்த 2500 ரூபிளால் 1838இல் அவர் விலைக்கு மீட்கப்பட்டார். அவருடைய உடன்பிறந்தோர் அதன் பின்னரும் நெடுங்காலம் அடிமைகளாகவே இருந்தனர். 1847இல் கைதாகிப் படைவீரனாக நாடுகடத்தப்பட்டபோது, எழுதவும் வரையவும் அவருக்குத் தடை விதித்தவன் முதலாம் நிக்கலஸ் மன்னனே. செக்கோவின் பாட்டனாரும் பண்ணையடிமையே. 1841இல் பணங்கொடுத்துத் தம் குடும்பத்தை அவர் மீட்டிராவிடின், அந்தச் சிறுகதைகளை உலகம் பெற்றிருக்குமா? மீட்பார் இன்றி மாண்ட ஷெவ்சென்கோக்கள் எத்தனை பேர்?

ஆசிரியராகிய நம்மை மிகவும் தாக்கிய செய்தி இனித்தான் வருகிறது. திருச்சபை, எதேச்சாதிகாரம், தேசியத்துவம் என்ற மூன்றையும் அரசின் தூண்களாக 1833இல் பிரகடனஞ் செய்த ஊவாரவ் யார்? கல்வி மந்திரி! வண்டிக்காரர், சமையற்காரர், சலவைக்காரிகளின் பிள்ளைகள் உயர்தரப் பாடசாலைகளுட் புகாவண்ணம் 1887இல் சுற்றுநிருபம் அனுப்பிய தெல்யானவ் யார்? அவரும் கல்வி மந்திரியே! 1897ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் அப்பேரரசின் மக்களுள் நூற்றுக்கு 21 பேரே எழுத்தறிந்திருந்தனர். அறியாமை அவ்வடிமைத்தனத்தின் காரணம் என்று நாம் கூறினோமே! அஃது அரசு திட்டமிட்டு விளைவித்த பயிர். காரியத்தைக் காரணமெனக் கூறி, களவு கொடுத்தவனையே கள்வனாக்கிவிட்டோம்.

கிரிமியாப் போர் (1853-1856) அப்பேரரசின் உள்ளழுகலை வெளிக்காட்டியது. கீழிருந்து தானாக ஒழியுமுன் மேலிருந்து ஒழிப்பதே நன்று என்று இரண்டாம் அலெக்சாந்தர் 1856இல் மாஸ்கோப் பிரபுக்களிடம் கூறினான். கருணையன்று, அச்சமே பேசியது. 1861இல், அந்நாட்டின் பழைய நாட்காட்டிப்படி பெப்ரவரி 19ஆம் நாள், விடுதலைச் சாசனம் ஒப்பமாயிற்று. ஷெவ்சென்கோ ஒரு வாரத்தின் பின், அச்சாசனம் பகிரங்கமாக வாசிக்கப்படுமுன்னரே, கண் மூடினார்.

ஏறத்தாழ இரண்டு கோடியே இருபது இலட்சம் மக்கள் விடுதலை பெற்றனர். ஆனால், தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்தை விலை கொடுத்தே வாங்க வேண்டும் என்றது சட்டம். அதிலும் ஒரு பகுதி வெட்டி எடுக்கப்பட்டது. கருமண் மாகாணங்களில் ஐந்திலொன்றும் அதற்கு மேலும் போயிற்று. நூறு ரூபிள் மதிப்பிட்ட நிலத்துக்கு அரசு 80 ரூபிளைப் பிரபுவுக்குக் கொடுக்கும். குடியானவன் ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறு வீதம் 49 ஆண்டுகள் அரசுக்குச் செலுத்த வேண்டும். நாம் கணக்கிட்டுப் பார்த்தோம்: 80 ரூபிளுக்கு 235 ரூபிள்! 1905ஆம் ஆண்டுப் புரட்சியின் பின்னரே அத்தவணைப் பணம் குறைக்கப்பட்டு, 1907இல் நீக்கப்பட்டது.

அச்சட்டம் கசான் மாகாணத்துப் பெஸ்த்னா என்ற கிராமத்துக்கும் வந்தது. அங்கு வாசிக்கத் தெரிந்த குடியானவன் அந்தோன் பெத்ரோவ். நெடிய அச்சட்டநூலை அவன் திருப்பித் திருப்பி வாசித்தான். உழுதவனுக்கு நிலத்தை விலையின்றிக் கொடுக்காத விடுதலை விடுதலையாக இருக்க முடியாது என்பது அவன் உறுதி. ஆகவே, அந்நூலில் அச்சாகியிருந்த பூச்சியங்களிலும் வீதக் குறிகளிலும் ஸாரின் உண்மையான விடுதலை மறைந்திருப்பதாகக் கொண்டான். ஆயிரக்கணக்கானோர் அவன் வீட்டைச் சூழ்ந்து நின்று கேட்டனர். அவனை ஒப்படைக்க மறுத்தனர். 1861 ஏப்ரிலில் படை வந்து சுட்டது. ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பெத்ரோவ் சட்டநூலைத் தலைமேல் ஏந்தியவாறு வெளியே வந்தான். சில நாட்களில் அவனும் சுட்டுக் கொல்லப்பட்டான்.

அவன் பிழையாக வாசித்தான். நல்ல ஸார் ஒருவன் உளன் என்ற மயக்கம் அவனையும் பற்றியிருந்தது. அதை நாம் மறைத்தல் கூடாது. புகச்சேவும் ஸார் வேடம் பூண்டே போராட வேண்டியிருந்தது. ஆனால், நிலம் உழுதவனுக்கு உரியது என்ற ஒன்றை அவன் பிழையற வாசித்தான். தலைநகரிற் கற்றோர் பலர் அச்சட்டத்தைப் பிழையின்றி வாசித்துப் போற்றினர். அவ்வொன்றை மட்டும் அவர்கள் வாசிக்கவில்லை.

பெஸ்த்னாவில் மாண்டோருக்காகக் கசான் நகர மாணவர் இரங்கல் வழிபாடு நடத்தினர். அப்பல்கலைக்கழகத்தில் சரித்திரம் கற்பித்த ஷ்சாப்பவ் என்னும் இளம் ஆசிரியர் எழுந்து, மாண்டோரை மக்களுக்காக உயிர் கொடுத்தோர் எனப் போற்றினார். சைபீரியக் கிராமமொன்றில் ஏழைக் குடும்பத்திற் பிறந்தவர் அவர். உடனே கைதானார், பதவி போயிற்று, பின்னர் ஈர்க்குத்ஸ்க்குக்கு அனுப்பப்பட்டு 1876இல் அங்கேயே இறந்தார். சரித்திரம் கற்பிப்பது எத்தகைய தொழில் என்பதை அவர் அறிந்திருந்தார்.

நாம் அவ்வகுப்புக்கு மீண்டும் சென்றோம். சரித்திர ஆசிரியரிடம் பத்து நிமிடம் இரந்து பெற்று, "அன்று நான் சொன்ன விடை பிழை, வெட்டிவிடுங்கள்" என்றோம். பின்னர் யூரி திருநாளையும் பெஸ்த்னாவையும் சொன்னோம். அம்மாணவி கொப்பியைத் திறந்து பழைய வரியை வெட்டினாள். புதிதாக எதையும் எழுதவில்லை. "அப்ப, அவை சும்மா இருக்கேல்லை. அதைப் பற்றிப் புத்தகத்திலதான் இல்லை, என்ன சேர்?" என்றாள்.

அடக்குமுறைகள் தம் ஏடுகளில் உழைப்போரை எண்களாகவே எழுதுகின்றன. அவ்வேடுகளை வாசித்து வளர்ந்த நாம், எதிர்த்தோரின் குரல் அங்கே இல்லாமையைக் கண்டு, எதிர்ப்பே இருந்ததில்லை எனக் கற்பித்துவிடுகிறோம். வகுப்பறையில் நாம் கூறும் ஒரு சொல், மாண்டவர்களை இரண்டாம் முறை மௌனமாக்கவும் கூடும். அதை நமக்குக் கற்பித்தவள், கடைசி வாங்கில் இருந்த ஒரு சிறுமி.