அப்பாவின் காசு டப்பா

புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்காத சாமான் உண்டா? குத்துவிளக்கு, குடம், பூஜைத் தட்டு எல்லாம் அப்படித்தானே பளிச்சென்று ஆகின்றன! அதே நினைப்பில்தான் அப்பா சேர்த்து வைத்த காசுகளையும் புளித் தண்ணீரில் ஊறப் போட்டேன். அந்தக் கூத்தைக் கேளுங்கள்.

அப்பா மதுரையில் அரசு பஸ் கண்டக்டராக இருந்து 2004-ல் ஓய்வு பெற்றவர். எட்டாம் வகுப்புப் படிப்பு. கண்டக்டர் பையில் எத்தனை ரகச் சில்லறை விழும் என்று சொல்ல வேண்டுமா? வித்தியாசமாக ஒன்று கண்ணில் பட்டால், அதற்கு ஈடாகத் தன் சொந்தக் காசைப் பையில் போட்டுவிட்டு (கணக்கில் ஒரு பைசா குறையக் கூடாதே!) அதை வீட்டுக்கு எடுத்து வந்து பிஸ்கட் டப்பாவில் போடுவார். "ஊர்ல நோட்டு சேர்க்கிறாங்க, நீங்க செல்லாக் காசைச் சேர்க்கிறீங்க" என்பாள் அம்மா. 2011 ஜூன் 30-உடன் 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ளதும் செல்லாது என்று ஆனபோது, அம்மா வாக்கு பலித்துவிட்டது.

2019-ல் அப்பா தவறிய பிறகு நானும் அக்காவும் டப்பாவை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். உள்ளே பழைய பேப்பரில் மடித்த சின்னச் சின்னப் பொட்டலங்கள். ஒவ்வொன்றின் மேலும் அப்பா கையெழுத்தில் ஒற்றை எழுத்து. 'ந', 'வை', 'ஒ', இவ்வளவுதான். "நத்தம், வைகை டேம், ஒத்தக்கடை. அந்தந்த ரூட்ல கிடைச்சதா இருக்கும்" என்றாள் அக்கா. எனக்கும் அது சரியாகவே பட்டது. வீட்டுக்கு வந்து என் பொட்டலங்களையெல்லாம் பிரித்து ஒரே பேசினில் கொட்டி, அந்தப் பொங்கலுக்குப் பாத்திரங்களோடு சேர்த்து ஊற வைத்துவிட்டேன். வெண்கலக் காசுகள் செக்கச் சிவந்தன. அலுமினியக் காசுகள் வெளிறிப் போயின. பெருமையாகத் துடைத்து எடுத்து வைத்தேன்.

அக்கா மகளுக்கு நிச்சயமான சமயம். ஒரு நாள் போன் செய்தாள். "ஏண்டி, பழைய காசு ஒண்ணுக்கு லட்ச ரூபாய் தர்றாங்களாமே! வீடியோல வருது. நம்ம அப்பா காசை வித்துடலாமா? கல்யாணச் செலவுக்கு ஆகுமே." அவள் குரலில் இருந்த ஆசையைக் கேட்க எனக்குப் பாவமாக இருந்தது. கடைவீதியில் ஒரு வியாபாரியிடம் கொஞ்சம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "அலுமினியம்மா, கிலோ கணக்குல போட்டுக்கிறேன்" என்றார். ஒருவர் லட்சம் என்கிறார், இன்னொருவர் கிலோ என்கிறார். யாரை நம்புவது?

"ஏம்மா, சமையலுக்குப் புஸ்தகம் இருக்கிற மாதிரி காசுக்கும் இருக்காதா?" என்றார் என் வீட்டுக்காரர். அவர் எப்போதாவது ஒரு முறைதான் இப்படி உருப்படியாகச் சொல்வார்.

முதலில் பிளாட்பாரத்தில் ஒன்று வாங்கினேன். வழவழ அட்டை, கலர் படம். உள்ளே காசுக்கு ஒரு பக்கப் படம்தான்; அருகில் 'அபூர்வம்', 'மிக அபூர்வம்' என்று கொட்டை எழுத்தில் விலை. எந்த வருஷம், எந்த உலோகம், என்ன எடை, எதுவும் இல்லை. கல்யாண வீட்டில் மொய் எழுதாமல் பெயரை மட்டும் எழுதின மாதிரி! அதை வாங்கின பணம் போனது போனதுதான்.

அடுத்ததாக, என் மகனின் கல்லூரி ஆசிரியர் ஒருவர் 'ஸ்டாண்டர்ட் கேட்டலாக் ஆஃப் வேர்ல்ட் காயின்ஸ்' என்ற அமெரிக்கப் புத்தகத்தை இரவல் கொடுத்தார். 1972 முதல் வந்த புத்தகமாம். தலையணைக்குப் பதில் வைத்துக்கொள்ளலாம், அத்தனை கனம்! நாணயக்காரர்கள் பேச்சில் அடிபடும் 'கே.எம். நம்பர்' இதிலிருந்து வந்ததுதான். கிராஸ், மிஷ்லர் என்ற இருவரின் முதல் எழுத்துகள் அவை. நல்ல புத்தகம், சந்தேகமில்லை. ஆனால் உலகம் முழுவதற்குமானது. நம் பைசாவுக்கு அதில் சில பக்கங்கள்தான், விலையும் டாலரில். அது பழைய பதிப்பாக இருந்தது ஒரு குறையாகவே தெரியவில்லை. 1965-ல் அடித்த அலுமினிய ஒரு பைசா அன்றும் முக்கால் கிராம்தான், இன்றும் முக்கால் கிராம்தான். விலை பார்க்கத்தான் புதுப் பதிப்பு வேண்டும்.

அதற்குள் எனக்கும் கொஞ்சம் புத்தி வந்திருந்தது. ஒரு நாணயக் கண்காட்சிக்குப் போனபோது பர்ஸில் நாலு காசு எடுத்துப் போனேன். புடவைக் கடைக்கு ரவிக்கைத் துணியைக் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்க்கிறோமே, அது மாதிரி! ஆறு மூலை மூன்று பைசா. 1964-ல் வந்தது என்று புத்தகம் சொல்கிறதா? 1957-ல் வந்த நயா பைசாவில் இந்தியில் 'ரூபாயில் நூறில் ஒரு பங்கு' என்று எழுதியிருக்கும். பிற்பாடு 1964-ல் 'நயா' போய்விட்டது. இரண்டையும் தனித்தனியாகக் காட்டுகிறதா? காந்தி படம் போட்ட 20 பைசாவில் 1869–1948 என்றுதான் இருக்கும். அக்கா அதை 1948-ம் வருஷக் காசு என்றே நினைத்திருந்தாள். அது நூற்றாண்டுக்காக 1969-ல் வந்தது. இதில் தடுமாறுகிற புத்தகத்தைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான். நாலாவது, நடுவில் ஓட்டை உள்ள காலணா. 1943 முதல் 1947 வரை அடித்தது, வெள்ளைக்காரன் காலத்துக் காசு. அது அகப்படாவிட்டால் புத்தகத்தைக் குறை சொல்லக் கூடாது. குடியரசுக் காசுகளுக்கான புத்தகத்தில் அது ஏன் இருக்க வேண்டும்? எங்கள் டப்பாவில் அணாக் காசு பத்துப் பதினைந்துதான். அதற்கென்று ஒரு தனிப் புத்தகம் வாங்குவது வீண் செலவு.

ஸ்டால்காரர் பொறுமைசாலி. நான் நாலு புத்தகத்தைப் புரட்டும்வரை முகம் சுளிக்கவில்லை. கடைசியில் குடியரசுக் காசுகளுக்கு மட்டுமான ஒன்றை எடுத்தேன். இரு பக்கப் படம், எடை, உலோகம், வருஷவாரிப் பட்டியல், தேய்ந்ததற்கு ஒரு விலை, தேயாததற்கு ஒரு விலை. அதோடு, வருஷத்துக்குக் கீழே இருக்கும் துளி அடையாளத்தைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு பக்கம்.

அந்தப் பக்கத்தில்தான் என் கண் நிலைகுத்தி நின்றது. பெரும்பாலான வருஷங்களில் ஹைதராபாத் நாணயச் சாலைக்கு நட்சத்திரம். பம்பாய்க்கு வைரம். கல்கத்தாவுக்கு ஒன்றும் இல்லை.

ந. வை. ஒ.

நத்தமும் இல்லை, வைகை டேமும் இல்லை! எட்டாவது படித்த மனுஷர், ஒரு புத்தகமும் பார்க்காமல், டியூட்டி முடிந்து வந்து குண்டு பல்ப் வெளிச்சத்தில் அந்தக் கடுகளவு அடையாளத்தைக் கண்டுபிடித்துப் பிரித்து வைத்திருக்கிறார். நான் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிப் புளியைக் கரைத்து ஊற்றியிருக்கிறேன். அந்தப் புத்தகத்திலேயே, காசைத் தேய்த்துக் கழுவக் கூடாது, கழுவினால் மதிப்புப் போய்விடும் என்றும் போட்டிருந்தது. ஸ்டால் முன்னாலேயே கண் கலங்கிவிட்டது.

வெளியே வந்து அக்காவுக்குப் போன் போட்டேன். "நீ பொட்டலத்தைப் பிரிச்சியா?"

"எங்கேடி நேரம்? பீரோவுல அப்படியே கிடக்கு. ஏன்?"

மறுநாளே புத்தகத்தையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். 'ந' பொட்டலத்தைப் பிரித்தோம். பத்துப் பைசாக்கள், ஒவ்வொன்றிலும் நட்சத்திரம், ஒன்றுகூடத் தவறவில்லை. அக்கா முதலில் விலைப் பட்டியலைத்தான் கேட்டாள். மறைக்காமல் காட்டினேன். பெரும்பாலும் சாதாரணக் காசுகள். எல்லாம் சேர்த்தாலும் கல்யாணப் பந்தலின் வாழை மரத்துக்குத்தான் ஆகும். அதுவும் புத்தக விலை. வியாபாரி அதைவிடக் குறைத்துத்தான் தருவார். அவள் முகம் வாடிவிட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

பிறகு பூதக்கண்ணாடியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"உன்னோட புளிக் காசையும் அடுத்த வாரம் கொண்டு வா. நீ கெடுத்ததை நான் பிரிச்சுத் தர்றேன்" என்றாள்.