இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே

கணினி மொழியியலில் முனைவர் பட்ட ஆய்வுக்கு வர நினைப்பவர்கள், எந்த மாடலை வைத்து வேலை செய்யலாம் என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். சொற்பொருள் மாறுபாட்டில் ஆய்வு செய்ய விரும்புகிறவரிடம் நான் மாடலைப் பற்றிப் பேசுவதற்கு முன் இரண்டு வாக்கியங்களைக் கொடுப்பேன். இரண்டிலும் ஒரே சொல் இருக்கும். இரண்டிலும் பொருள் ஒன்றுதான் என்றால் நான்கு மதிப்பெண். நெருங்கிய உறவு என்றால் மூன்று. தூரத்து உறவு என்றால் இரண்டு. உறவே இல்லை என்றால் ஒன்று. தீர்மானிக்க முடியவில்லை என்றால் பூஜ்யம். இந்த வேலை பிடித்திருந்தால் அவருக்கு இந்தத் துறை பிடிக்கும்.

இந்த அளவுகோலை 2018-இல் வெளியிட்டவர் டொமினிக் ஷ்லெக்ட்வெக். அப்போது அவரே ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவர். சபீனே ஷுல்டெ இம் வால்டேயும் ஸ்டெஃபனி எக்மானும் உடன் எழுதினார்கள். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தும் ஜெர்மன் வாக்கியங்களை எடுத்து, 22 சொற்களுக்கு மனிதர்களை மதிப்பெண் போட வைத்தார்கள். அகராதியை யாரும் திறக்கவில்லை. இந்தச் சொல்லுக்கு ஐந்து பொருளா ஏழு பொருளா என்ற பழைய சண்டையை ஒதுக்கிவைத்துவிட்டு, இந்த இரண்டு இடங்களும் எவ்வளவு நெருக்கம் என்று மட்டும் கேட்டார்கள். கேள்வியை இவ்வளவு சிறிதாக்கியதுதான் அந்த ஆய்வின் பெருமை என்று நான் நினைக்கிறேன்.

அந்தப் பட்டியலில் சில சொற்கள் எளியவை. ‘ஃபோர்வோர்ட்’ முற்காலத்தில் இலக்கணக் கலைச்சொல். பெயருக்கு முன்னால் வரும் இடைச்சொல்லைக் குறித்தது. பிறகு நூலின் முன்னுரையைக் குறித்தது. இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாரும் அதிகம் தயங்க மாட்டார்கள். ‘பிரெஸ்ஸே’ அப்படியல்ல. ஒரு வாக்கியத்தில் அது தாளை அழுத்தும் இயந்திரம். இன்னொன்றில் நாளிதழ்கள் அத்தனையும் சேர்ந்த ஒரு சக்தி. இந்த இரண்டை மட்டும் பார்த்தால் ‘தூரத்து உறவு’ என்று போட்டுவிடலாம். ஆனால் நடுவே சில வாக்கியங்கள் வரும். ஒரு புத்தகம் ‘பிரெஸ்ஸே’யில் ஏறியிருக்கிறது என்பார் ஒருவர். அவர் சொல்வது இயந்திரமா, அச்சாகிக்கொண்டிருக்கும் நிலையா? ‘பிரெஸ்ஸே’யின் சுதந்திரம் வேண்டும் என்பார் இன்னொருவர். அது அச்சிடும் உரிமையா, பத்திரிகைகளின் உரிமையா? எழுதியவருக்கே அந்த வேறுபாடு அப்போது தேவைப்பட்டிருக்காது. நான் மூன்று போடுவேன், பக்கத்தில் இருப்பவர் இரண்டு போடுவார். இருவரும் கவனமாகத்தான் படித்திருப்போம். சொல் இடம்பெயர்ந்தது அந்த வாக்கியங்களின் வழியாகத்தான். ஒன்றும் நான்கும் எனக்குச் சொல்வது பயணத்தின் தொடக்கத்தையும் முடிவையும் மட்டுமே. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே நாங்கள் தடுமாறும் இடம்தான் பயணம்.

மதிப்பீட்டாளர்கள் ஒத்துப்போகாத இடங்களைக் குப்பை என்று கழித்துவிடுவது இத்துறையில் நெடுநாள் வழக்கமாக இருந்தது. இப்போது அது மாறிவருகிறது. 2022-இல் கணினி மொழியியலாளர் பார்பரா பிளாங்க் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். ஒரே தரவுக்கு மனிதர்கள் வெவ்வேறு விடை தருவதையும் தகவலாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் வாதம். பொருள் மாறுபாட்டை ஆய்பவர்களுக்கு இது உயிர்நாடியான விஷயம். கருத்து வேறுபாட்டைச் சராசரியால் மழுங்கடித்தால், நாம் தேடி வந்ததையே நாம் அழிக்கிறோம்.

ஷ்லெக்ட்வெக் குழுவின் அந்த மதிப்பீட்டு முறைக்குப் பெரிய வடிவம் 2020-இல் வந்தது. ஆங்கிலம், ஜெர்மன், லத்தீன், சுவீடிஷ் ஆகிய நான்கு மொழிகளில் எந்தச் சொல்லின் பொருள் மாறியிருக்கிறது என்று கணினி கண்டுபிடிக்க வேண்டிய பொதுப் போட்டி அது. அதைத் தொடர்ந்து விரிவாக்கி வெளியிட்ட தரவில் சுமார் ஒரு லட்சம் மனித மதிப்பீடுகள் இருக்கின்றன. போட்டியில், சொல்லுக்கு ஒரே ஒரு திசையனை (பொருளைக் குறிக்கும் எண்வரிசையை) வைத்திருக்கும் பழைய முறைகள், சூழலுக்கேற்பத் திசையனை மாற்றும் பெர்ட் போன்ற புதிய மாடல்களைவிட நன்றாகச் செய்தன. புதியது வந்தால் பழையது காலி என்று நம்பும் துறையில் அது பலரையும் நிறுத்தி யோசிக்க வைத்தது.

இளைய ஆய்வாளர்கள் கட்டாயம் படிக்க வேண்டியது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், நான் சொல்வது ஹைம் டுபோசார்ஸ்கி குழுவினரின் 2017-ஆம் ஆண்டுக் கட்டுரை. அதற்கு முந்தைய ஆண்டு ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஹாமில்டன், லெஸ்கோவெக், ஜுராஃப்ஸ்கி மூவரும் பொருள் மாற்றத்துக்கு இரண்டு புள்ளியியல் விதிகளை முன்வைத்திருந்தார்கள்: அடிக்கடி புழங்கும் சொல் மெதுவாக மாறும், பல பொருள் கொண்ட சொல் விரைவாக மாறும். டுபோசார்ஸ்கி குழு ஓர் எளிய காரியம் செய்தது. எல்லாக் காலத்து வாக்கியங்களையும் ஒன்றாகக் கலைத்து, மறுபடி போலிக் காலப்பகுதிகளாகப் பிரித்தது. அந்தத் தரவில் மாற்றம் என்ற ஒன்று நிகழ்ந்திருக்கவே முடியாது. ஆனால் அங்கும் அதே விதிகள் தலைகாட்டின. அப்படியென்றால் அவற்றில் பெரும்பகுதி மொழியின் இயல்பல்ல, அளக்கும் கருவியின் இயல்பு. அந்தக் கட்டுரை சோதித்த மூன்றாவது விதி டுபோசார்ஸ்கியே 2015-இல் தன் சகாக்களோடு முன்வைத்தது. அதுவும் சொல்லப்பட்டதைவிட மிகப் பலவீனமானது என்று தெரியவந்தது, அதையும் எழுதினார்கள். இந்தத் துறையின் மேல் எனக்குள்ள மரியாதையில் பாதி இந்த ஒரு கட்டுரையால் வந்தது.

மாற்றம் என்றால் நூற்றாண்டுகள் வேண்டும் என்பதில்லை. டெல் திரெதிச்சி, ஃபெர்னாண்டஸ், போலேதா ஆகியோர் 2019-இல், ரெடிட் தளத்தில் பேசிக்கொள்ளும் லிவர்பூல் கால்பந்து ரசிகர்களின் சில ஆண்டுப் பேச்சை எடுத்து ஆராய்ந்தார்கள். ஒரே குழுவுக்குள் சில ஆண்டுகளிலேயே சொற்கள் புதுப்பொருள் ஏற்கின்றன. கூடவே ஓர் எச்சரிக்கையும் கிடைத்தது: ஒரு மனிதரைப் பற்றியோ சம்பவத்தைப் பற்றியோ எல்லோரும் பேசத் தொடங்கினால் சொல்லின் சூழல் மாறும், பொருள் மாறாது, கணினி இரண்டையும் குழப்பிக்கொள்ளும்.

வாய்ப்புகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் முனைவர் பட்ட ஆய்வு பெரும்பாலும் சம்பள வேலையாகவே விளம்பரமாகும். பொதுத்துறைச் சம்பளப் படிநிலை டிவி-எல் ஈ13, பல இடங்களில் முழுநேரம் அல்லாமல் 65 அல்லது 75 சதவீதம். சுவீடனில் நான்கு ஆண்டுக்குச் சம்பளம் உண்டு. வகுப்பெடுப்பது போன்ற துறைப் பணிகள் 20 சதவீதம் வரை சேர்ந்தால் ஐந்து ஆண்டாகும். கோதன்பர்க் பல்கலைக்கழகத்தில் நினா தாமசேபி தலைமையில் 2022-இல் தொடங்கிய ‘சேஞ்ச் இஸ் கீ’ திட்டம் இந்தப் பொருளுக்கென்றே அமைந்தது. ஆனால் ஊரையும் சம்பளத்தையும்விட, வழிகாட்டியிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: மதிப்பீட்டுக்கு எவ்வளவு காலம் ஒதுக்கியிருக்கிறீர்கள், அந்த வேலையில் நானும் உட்காரலாமா? அதை வெளியாட்களுக்குக் கொடுத்துவிட்டோம், நீங்கள் மாடலை மட்டும் பாருங்கள் என்று பதில் வந்தால் நான் இன்னோர் இடம் தேடச் சொல்வேன்.

தமிழிலிருந்து வருபவருக்குக் கையிலேயே ஒரு நிலம் இருக்கிறது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992-இலேயே எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு பொருள்களைப் பிரித்துக் காட்டியது. கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரத்தின் சொற்களைத் தொகுத்து வைத்தார். யாழ்ப்பாணத்தில் “ஆறுதலாச் சாப்பிடுங்கோ” என்றால் அவசரமில்லை, மெதுவாகச் சாப்பிடுங்கள் என்று பொருள். சென்னையில் ஒருவர் துக்க வீட்டில் ஆறுதலாக நாலு வார்த்தை பேசுகிறார். இந்த இரண்டு இடங்களுக்கும் என்ன மதிப்பெண்? யாழ்ப்பாணத்தவர் போடுவதையே சென்னைக்காரரும் போடுவாரா? இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு, விடைகளைக் கலக்காமல் வைத்திருந்தால் அதுவே ஓர் ஆய்வுக் கேள்வி. விண்ணப்பத்தோடு இப்படிச் சில வாக்கிய இணைகளையும், அவற்றுக்குத் தான் போட்ட மதிப்பெண்ணையும், போடத் தயங்கிய இடங்களையும் ஒருவர் அனுப்பினால், நான் அவருடைய கல்லூரி மதிப்பெண் பட்டியலைத் திறப்பதற்கு முன் அதைத்தான் படிப்பேன்.